எனக்கு மட்டும் எழுதுகிறது

எனக்கு எழுதுகிறது. இப்போதும் எழுதியது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன், ஸ்க்ரிப்ட் ஓடியது, ஃபைலைத் திறந்தால் கடைசி வரியில் என் பெயர் நிற்கிறது. மணிமொழி, உறையூர், சோதனை. அதற்கு மேல் வரியிலும் மணிமொழி. அதற்கு மேலும் மணிமொழி. எல்லாவற்றுக்கும் மேலே காலையில் எழுதிய மணிமொழி. வேறு யார் பெயரும் இல்லை. தயிர்சாத டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் ரத்ததானக் குழு நடத்துகிற இக்னேஷியஸ் சார் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா மணி, லிஸ்ட்டுல உன் பேரு மட்டும்தான் இருக்கு. உனக்கு அந்த குரூப்பா? இத்தனை வருஷமா சொல்லவே இல்ல?" சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஏதோ ஒன்று தரையில் உருண்டு போனது. "காலையிலேருந்து ஒருத்தர்கூடப் பேர் கொடுக்கலைன்னா நம்ப முடியலயே மணி. மெசேஜ் ஊரெல்லாம் சுத்துது. கொஞ்சம் பாரும்மா." பார்க்கிறேன் சார் என்றேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூடி பாதி திருகியபடி இருக்கிறது.

என்னவென்று எனக்கே ஒரு முறை சொல்லிக்கொள்கிறேன், சொன்னால் சில நேரம் பிடிபடும். சாரின் ரத்ததானக் குழுவுக்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். பெயர், ஊர், ரத்த வகை, ஃபோன் நம்பர், அனுப்பு. அனுப்பியதும் ஸ்க்ரிப்ட் அதை ஒரு வரியாக ஃபைலில் எழுதும். அந்த ஃபைலைத்தான் சார் தன் ஃபோனில் பார்ப்பார். அவ்வளவுதான். இதைவிட எளிய வேலை எங்கள் தொழிலில் இல்லை. நாளைக் காலை அனுசூயா என்கிற பெண்ணுக்கு ஆபரேஷன், பிரசவம், நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறதாம், கத்தி வைத்தால் ரத்தம் கொட்டுமாம். அவளுக்கு பாம்பே குரூப். சாதாரணச் சோதனையில் ஓ மாதிரியே தெரியும், ஓ ஏற்றினால் உயிருக்கு ஆபத்து, அதே குரூப்காரர் ரத்தம்தான் சேரும், அப்படிப்பட்டவர்கள் மாவட்டத்துக்கே விரல் விட்டு எண்ணும்படிதான் இருப்பார்கள் என்று சார் சொல்வார். மதுரையிலிருந்து ஒருவர் பஸ் ஏறிவிட்டார். ரெண்டு பை இல்லாமல் கைவைக்க மாட்டேன் என்கிறாராம் டாக்டர். இரண்டாவது ஆள் ராத்திரிக்குள் வந்தால்தான் எடுத்துச் சோதித்துக் காலைக்குத் தயாராகும். அந்த இரண்டாவது ஆளுக்காகத்தான் காலையில் வாட்ஸப்பில் விட்டார்கள். விடுவதற்கு முன்னால் சார் என்னைக் கேட்டார். "நேத்துதான் வேற சர்வருக்கு மாத்தினேன்னியே, ஒழுங்கா எழுதுதான்னு ஒரு தடவை பாத்துடு." பார்த்தேன். சர்வருக்குள் போய், ஸ்க்ரிப்டை ஓட்டி, ஃபைலைத் திறந்து, என் பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். எழுதுது சார், அனுப்புங்க. பொய் சொல்லவில்லை. இப்போதும் எழுதுகிறது.

ஃபோனை எடுத்து எல்லாரையும் போல பக்கத்தைத் திறக்கிறேன். என் பெயர், என் ஊர், அனுப்பு. பச்சை எழுத்தில் வருகிறது: நன்றி. உங்கள் பெயர் பதிவாகிவிட்டது. உங்களை அழைப்போம். ஃபைலைத் திறக்கிறேன். புதிய வரி இல்லை. மறுபடி ஃபோனில் அனுப்புகிறேன். நன்றி. ஃபைலில் இல்லை. கறுப்புத் திரையிலிருந்து ஓட்டுகிறேன். இருக்கிறது. அதே ஸ்க்ரிப்ட், அதே ஃபைல், இரண்டு இடத்திலும் நானேதான், இந்தக் கையால் செய்தால் எழுதுகிறது, அந்தக் கையால் செய்தால் எழுதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் மெஷின் ஓடத் தொடங்குகிறது. அது ஓடும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொள்கிறேன், இந்த அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான். வாடகை குறைவு என்று வந்தேன். மெஷின் நின்றால் யாரோ துப்புகிற சத்தம், பிறகு டாக்டரின் குரல், இன்னும் கொஞ்சம் திறங்க, இன்னும் கொஞ்சம். வேறு ஃபைலில் எழுதுகிறதோ? வேறு ஃபோல்டரில், வேறு யாருடைய பெயரிலாவது ஒரு ஃபைலை உண்டாக்கி அதில் வரிவரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறதோ? தேடுகிறேன். சர்வர் முழுவதும் அந்தப் பெயரில் ஒரே ஃபைல். டிஸ்க் நிறைந்துவிட்டதோ? பாதிகூட நிறையவில்லை. ஸ்க்ரிப்டில் பாதை தப்போ? பாதையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், குழந்தைகள் படிப்பது போல. சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. தப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம்.

கதவைத் தட்டாமல் கௌசி எட்டிப் பார்க்கிறாள். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற பெண். "அக்கா, எங்களுக்கு நெட் ஸ்லோவா இருக்கு, அந்த மோடம் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கட்டுமா?" வேண்டாம் என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது, அவள் முகம் மாறியது. "இல்ல கௌசி, ஒரு அவசரம், அப்புறம் பண்ணிக்கோ." "சாப்பிடலையா அக்கா? எறும்பு ஏறுது பாருங்க." ஏறுகிறது. மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு கோடாக. மூடியை இறுக்குகிறேன், உள்ளே போனது போனதுதான். "உங்க கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன், எங்க எக்ஸ்ரே மெஷினுக்கு நாங்க அதான் பண்ணுவோம்" என்றுவிட்டுப் போகிறாள். சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனாலும் ஆஃப் செய்து ஆன் செய்கிறேன். அந்த இடைவெளியில் யாராவது பக்கத்தைத் திறக்கப் பார்த்து, அது திறக்காமல் போய், சரி வேறு யாராவது கொடுப்பார்கள் என்று விட்டுவிட்டால்? ஏன் செய்தேன்? அவள் சொன்னதாலா? சர்வர் எழுந்திருக்கிறது. ஃபோனில் அனுப்புகிறேன். நன்றி. ஃபைலில் இல்லை.

யாராவது பெயர் கொடுத்திருந்தால் அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? நன்றி என்று வந்ததைப் பார்த்திருப்பார். அழைப்போம் என்று வந்ததைப் பார்த்திருப்பார். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காத்திருப்பார். நாங்களும் ஒரு முறை காத்திருந்தோம். கரூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்றோம் என்றார்கள். அப்போது வீட்டில் தரைவழி ஃபோன்தான். அப்பா நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் தங்கை தோழியிடம் பேசப் போனால் முறைப்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, ஃபோனில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். அம்மா சமையலறையிலிருந்து சொல்வாள், "நீங்க எடுத்து எடுத்துப் பாத்தா அந்த நேரத்துல அவங்க அடிச்சா எப்படிக் கிடைக்கும்?" அப்பா சட்டென்று வைப்பார், வைத்த பிறகு அவர் கை அதன் மேலேயே இருக்கும். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாள் நாற்காலி பழைய இடத்துக்குப் போயிருந்தது, யார் நகர்த்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பையனின் முகம்கூட நினைவில்லை, அவன் அம்மா கேசரியை முந்திரி இல்லாத பக்கமாக எடுத்துச் சாப்பிட்டது நினைவிருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன்? மணி என்ன ஆகிறது? பார்க்கக்கூடாது என்று திரையின் மூலையைக் கையால் மறைத்துக்கொள்கிறேன்.

ஸ்க்ரிப்டை மறுபடி முதல் வரியிலிருந்து. எழுதுகிற அந்த ஒரு வரி. அதன் முன்னால் ஒரு சிறிய குறி இருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகி, இருப்பதே தெரியாமல் போய்விட்டது. என்ன ஆனாலும் சத்தம் போடாதே என்று அந்த வரிக்குச் சொல்கிற குறி. சார்தான் கேட்டார், அல்லது சார் கேட்டதாக நான் எடுத்துக்கொண்டேன். "மணி, நம்ம பக்கத்துல ஏதோ இங்கிலீஷ்ல திட்டுது, ஒரு அம்மா பயந்துபோய் ஃபோன் பண்ணுது, வைரஸ் வந்துடுச்சா, பேங்க் பணம் போயிடுமான்னு." அன்றைக்குப் பிரச்சினை வேறு எதுவோ, அதைச் சரிசெய்தேன், இனிமேல் திட்டாமல் இருக்கட்டும் என்று இந்தக் குறியையும் போட்டேன். எல்லாரும் போடுவதுதான். அடுத்த வரி நன்றி. எழுதினாயா என்று கேட்காமலேயே நன்றி. எழுதாவிட்டாலும் நன்றி. குறியை எடுத்துவிட்டு ஃபோனிலிருந்து அனுப்புகிறேன். திட்டுகிறது. இவ்வளவு நேரமாக இதைக் கேட்கத்தான் ஏங்கினேன் போல, முதுகுத்தண்டு தளர்கிறது. எழுத அனுமதி இல்லை என்கிறது. யாருக்கு அனுமதி இல்லை? எனக்கா? நான் ரூட். சர்வரில் ரூட்டுக்கு மேல் யாரும் இல்லை, ரூட் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், சர்வரையே அழித்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எனக்கு அனுமதி இல்லை என்று எப்படிச் சொல்லும்? குழம்பிப்போய் மறுபடி கறுப்புத் திரையிலிருந்து ஓட்டுகிறேன். மணிமொழி, உறையூர், சோதனை. எழுதுகிறதே. எழுதுகிறதே. ஒரு நிமிஷம் ஃபைலின் மேல் கோபம் வருகிறது, மனிதர் மேல் வருகிற மாதிரியே.

எனக்கில்லை. ஃபோனிலிருந்து அனுப்பும்போது அது நான் இல்லை. இது எனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறேன். வெளியிலிருந்து யார் வந்தாலும், நான் வந்தாலும், அனுசூயாவின் கணவன் வந்தாலும், சர்வருக்குள் அவர்களுக்காகக் கையை நீட்டுவது வெப் சர்வர் என்கிற ஒரு தனி ஆள். அதற்கென்று ஒரு பெயர், அதற்கென்று சிறிய உரிமைகள். அதற்குக் கொடுத்த ஃபோல்டரில் மட்டும் எழுதலாம். நேற்று மாற்றும்போது அந்த ஃபோல்டரை அதன் பெயருக்குத்தான் கொடுத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. ஃபைல்? ஃபைலை நான் கொண்டுவரவில்லை. பழைய பெயர்கள் பழைய சர்வரிலேயே இருக்கட்டும், புதிதாக முதல் ஆள் பெயர் கொடுக்கும்போது வெப் சர்வரே ஃபைலை உண்டாக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். முதல் ஆள். ஃபோல்டரில் இருப்பதை விவரமாகக் காட்டு என்று தட்டுகிறேன். ஒரே வரி. ஃபைலின் பெயர், அளவு, உண்டான நேரம் காலை, உண்டாக்கியவர் ரூட். ரூட் என்று எழுதியிருப்பதை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி பார்க்கிறேன். முதல் ஆள் நான். சார் கேட்டாரே என்று எழுதிப் பார்த்தேன், அந்த எழுத்தோடு ஃபைல் பிறந்தது, என்னுடையதாகப் பிறந்தது, நான் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்காக வெப் சர்வர் கையை நீட்டியிருக்கும், மறுத்திருக்கும், அது முனகியிருக்கும், முனகலை நான் ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தேன், நன்றி என்று பச்சையாக வந்திருக்கும். நான் எழுதிப் பார்க்காமல் இருந்திருந்தால் எழுதியிருக்கும். பார்க்காமலே எழுதுது சார் என்று பொய் சொல்லியிருந்தால் எழுதியிருக்கும். இதை யாரிடம் சொன்னால் புரியும்? சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் சொல்கிறார், வலிக்குதுன்னா கையைத் தூக்குங்க.

சரிசெய்ய ஒரு வரி போதும். ஃபைலை வெப் சர்வரின் பெயருக்கு மாற்று. மாற்றினேன். ஃபோனில் அனுப்பினேன், ஃபைலைத் திறந்தேன், என் பெயர் வந்திருந்தது, அந்தக் கையால் எழுதியது. சந்தோஷம் வரவில்லை. இடம் காலியாக இருந்தது, சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வேறு ஒன்று மெல்ல வந்து உட்கார்ந்தது. காலையிலிருந்து வந்தவர்கள். சர்வர் தன் வாசலில் யார் வந்தார்கள் போனார்கள் என்று ஒரு லாக் வைத்திருக்கும், அதைத் திறக்கிறேன். திறந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுக்கு நடுவே அனுப்பு என்று அழுத்தியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் நேரம் இருக்கிறது, எந்த மாதிரி ஃபோன் என்று இருக்கிறது, எந்த வலையிலிருந்து வந்தது என்று ஒரு எண் இருக்கிறது. ஒருவர் விலை குறைந்த ஃபோனிலிருந்து வந்திருக்கிறார், ஒருவர் ஏதோ ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து. ஒருவர் இரண்டு முறை அழுத்தியிருக்கிறார், சந்தேகப்பட்டவர், நல்ல மனிதர். பெயர் இல்லை. ஃபோன் நம்பர் இல்லை. ரத்த வகை இல்லை. பெட்டிகளில் அவர்கள் எழுதியது லாகில் விழாதபடி செய்தது நான்தான், யாரோ கொடுத்த நம்பர் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று. நல்ல பழக்கம் என்று அதை எல்லாரும் சொல்வார்கள். வந்தார், கொடுத்தார், நன்றி பெற்றார், போனார். எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்பதற்கான குறியீடு ஒவ்வொரு வரியின் கடைசியிலும். இவர்களில் பாதிப்பேர் ஓ குரூப்பாக இருக்கலாம், தெரியாமல் கொடுத்திருக்கலாம். ஒருவர் அந்த ஒருவராக இருக்கலாம். விரலை வரி வரியாக இறக்குகிறேன், தொட்டால் தெரிந்துவிடும் போல.

சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், இப்ப எழுதுது சார், காலையிலேருந்து எழுதல, என் தப்பு, வந்தவங்க பேரு எங்கயும் இல்ல என்று ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ம்" என்றார். பிறகு, "இன்னொண்ணு கேளு. டோனர் கிடைச்சாச்சு, இனி யாரும் அலைய வேண்டாம்னு ஒரு மெசேஜ் சுத்துது. யாரு போட்டான்னு தெரியல. ஒருத்தன் பேர் கொடுத்துட்டேன்னு வீட்டுல சொல்லியிருப்பான், அவங்க அண்ணன் இன்னொருத்தன்கிட்ட சொல்லியிருப்பான்." அப்படியானால் அவர் இருக்கிறார். அந்த வரிகளில் ஒன்று அவர்தான். "பக்கத்துல பெரிசா போட்டுடறேன் சார், காலையில கொடுத்தவங்க மறுபடி கொடுங்கன்னு." "கொடுத்தவன் எதுக்கும்மா திரும்ப வந்து பாப்பான்? ஓட்டுப் போட்டவன் மறுபடி பூத்துக்கு வருவானா?" உண்மைதான். "மெசேஜ்தான் மறுபடி அனுப்பணும்" என்றார். "அதுல பக்கத்தைப் போட்டா பிரயோஜனமில்ல. முன்னயே பதிஞ்சுட்டேன்னு தள்ளிட்டுப் போயிடுவான். நம்பர் போட்டு, கூப்பிடுன்னு சொல்லணும்." சொல்லிவிட்டுத் தயங்கினார். ஏன் தயங்குகிறார் என்று எனக்குத் தெரியும். மெசேஜில் யாருடைய நம்பரையும் போடுவதில்லை என்பது குழுவின் கட்டாய விதி. வேலூரில் ஒரு குழந்தைக்காக பல வருஷங்களுக்கு முன்னால் சார் தன் நம்பரைப் போட்டு அனுப்பினார். அந்த மெசேஜில் தேதி இல்லை, அவசரம் என்று மட்டும் இருந்தது. அந்தக் குழந்தை பிழைத்து இப்போது எட்டாவது படிக்கிறது. இன்றைக்கும் யாராவது கூப்பிட்டு ரத்தம் வேணுமா என்று கேட்கிறார்கள். அகால நேரத்தில் கூப்பிடுகிறார்கள், பூசையில் இருக்கும்போது, துக்க வீட்டில் இருக்கும்போது கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

"என் நம்பரைப் போட்டா ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற கால் எனக்குக் கிடைக்காது" என்றார் சார். "அந்தப் பையன், அனுசூயா வீட்டுக்காரன், அவன் ஃபோனைத் தொடறதுக்கே பயப்படுறான்." நான் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த ஆணின் ஃபோனிலோ, மணிமொழி என்ற பெயரோடு என் நம்பர். இப்போதே வருகிறது, தெரியாத நம்பரிலிருந்து ஹாய், சாப்டாச்சா. அது எத்தனை மடங்காகும்? நம்பரை மாற்றிவிடலாம், பிறகு. பிறகு மாற்றினால் பேங்க், கேஸ், வாடிக்கையாளர்கள், அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் இது. வேறு ஒரு சிம் வாங்கிவரலாம், வாங்கி, அது உயிர்பெற்று, அதற்குள் சாயங்காலம். ஃபைலில் என் பெயர் வரிசையாக நிற்கிறது, மணிமொழி, மணிமொழி, மணிமொழி. "என் நம்பரைப் போடுங்க சார்." "யோசிச்சுச் சொல்லு மணி. அது சாகாதும்மா." "தேதி போடுங்க. காலையில பக்கத்துல பேர் கொடுத்தவங்க, பாம்பே குரூப்பா இருந்தா மட்டும், உடனே கூப்பிடணும்னு போடுங்க." "தேதியைப் பாத்தா அனுப்புறான்?" என்றார். ஆனாலும் போட்டார். எனக்கும் அனுப்பிவைத்தார். என் நம்பரை அந்நியரின் நம்பரைப் போல இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தேன். அனுப்பிய பிறகு சரிபார்ப்பதில் என்ன இருக்கிறது?

முதல் ஃபோன் உடனே வந்தது, பதறி எடுத்தேன், கௌசி. "அக்கா, உங்க நம்பர் எங்க சித்தப்பா குரூப்புக்கு வந்திருக்கு, உங்களுக்கா ரத்தம்?" இல்லை கௌசி, வை. அடுத்தவர் கும்பகோணம். "மேடம், நான் ஓ பாசிட்டிவ், பம்பாய்க்கெல்லாம் வர முடியாது, திருச்சின்னா வரேன்." விளக்கிச் சொன்னேன், புரிந்ததா தெரியவில்லை, "கடவுள் இருக்காரு மேடம்" என்று வைத்தார். அடுத்தவர் ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும் விட்டார், ஹலோ ஹலோ என்று நான் சொல்லச் சொல்ல அவர் இன்னும் கேட்க விரும்புவது போல இருந்தது, துண்டித்தேன். துண்டித்ததும், அவர்தான் அந்த ஒருவரோ, சிக்னல் இல்லாமல் இருந்திருக்குமோ என்று அதே நம்பருக்கு நானே கூப்பிட்டேன். "என்னடா செல்லம்" என்றது. வைத்துவிட்டேன். ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது, துறையூர் பஸ்ஸோ துவரங்குறிச்சி பஸ்ஸோ கடைவீதித் திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. ஃபோனில் டவர் இருக்கிறதா என்று பார்க்க எடுத்தேன், பார்க்காமல் வைத்தேன்.

"காலையில பேர் கொடுத்தேனுங்களே" என்றது ஒரு ஆண் குரல், வணக்கம் இல்லாமல், கொஞ்சம் குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி. "கூப்பிடுறோம்னு வந்துச்சு. சரி கூப்பிடுவீங்கன்னு கடைக்கு லீவு சொல்லிட்டு உக்காந்திருக்கேன். குளிக்கப் போகல. போன நேரம் பாத்து நீங்க கூப்பிட்டுட்டா? இப்ப என்னன்னா கொடுத்தவங்களே கூப்பிடணுமாம்ல." என் பேச்சு தப்பான இடத்திலிருந்து வந்தது, எந்த மாதிரி ஃபோன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஃபோனா? சம்சாரத்தோடது. ஏன்?" லாகில் இவர் எந்த வரி? இரண்டு முறை அழுத்தியவரா? அவர் இவரென்றால் மற்றவர்கள்? மற்ற பத்துப் பேரும் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் இன்னொருவர் இருக்கலாம், மெசேஜ் அவரை எட்டாமலே போகலாம். "பாம்பே குரூப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" "அஞ்சாறு வருஷம் முந்தி தம்பி ஆக்சிடெண்டுல கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேருக்கும் அதான். அவன் துபாய்ல இருக்கான். கார்டு இருக்குங்க, கையிலதான் வச்சிருக்கேன். எப்ப வரணும்?" இப்பவே, என்றேன், இப்பவே கிளம்புங்க. "ராத்திரி பஸ் இருக்குமாங்க திரும்பி வர?" இருக்கும், இல்லையென்றால் கார் வைத்து அனுப்புகிறோம் என்றேன், சாரைக் கேட்காமலே. பெயர் கேட்டேன். சொன்னார். ஊர் சொன்னார். நம்பர் சொன்னார், சம்சாரத்தின் நம்பர் ஒன்று, தன் நம்பர் ஒன்று, தன்னுடையதில் காசு தீர்ந்துவிட்டது, வரும் கால் மட்டும் வரும். "எழுதிக்கிட்டீங்களா?" என்றார். வாய் வரைக்கும் வந்துவிட்டது, நன்றி, எழுதிக்கொண்டேன். சொல்லவில்லை. கீழே குனிந்து பார்த்தேன். பல் டாக்டர் இனாமாகக் கொடுத்த பேஸ்ட் அட்டைப் பெட்டியின் முதுகில் என் கை எதையோ எழுதியிருந்தது, சாய்ந்து சாய்ந்து, இரண்டு இலக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி. "இருங்க. எழுதினதைப் படிக்கிறேன். தப்பா இருந்தா சொல்லுங்க" என்றேன். "படிங்க." மருதமுத்து என்று படித்தேன். "ம்" என்றார். துறையூர். "துறையூர் பக்கம். ஊரு கண்ணனூர்." அடித்துவிட்டுக் கண்ணனூர் என்று எழுதினேன், எழுதியதைப் படித்தேன். "ம்." நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ம் கொட்டினார், நான் அடுத்த இலக்கத்துக்குப் போகாமல் அந்த ம்முக்காகக் காத்திருந்தேன்.